பன்னிரண்டாவது தாள், ஒன்பதாவது வரி

26.12.2004 — ஞாயிறு.
11.1.2005 — குடும்பங்கள் 412, ஆட்கள் 1,683.
19.1.2005 — சுவரில் ஒட்டிய தாள்கள் 23.
1.2.2005 — ஆட்கள் 1,681.
12.8.2006 — நீக்கிய சொல் 1.
30.12.2011 — வெள்ளி.
9.1.2012 — சீட்டுகள் 2,906, பெயர் பூட்டியவை 38, திறந்தவை 0.

ஜான்சிக்கு 2004-இல் இருபத்தைந்து வயது. கடலூர் பழைய டவுனில் தாயோடு குடியிருந்தாள். தினமும் காலை 7.40 பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போவாள். தெற்கு வீதியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுக்கும் வேலை. அங்கே எட்டு கம்ப்யூட்டர்கள். எந்த நாளிலும் ஆறு தான் ஓடும். அவள் அடித்த தாளில் இதுவரை யாரும் தப்புக் கண்டுபிடித்ததில்லை என்று சென்டர் முதலாளி போர்டில் எழுதாத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் பொய் இல்லை. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்தக் குணத்துக்காகத் தான் அவளைக் கூப்பிட்டார்கள். கடல் ஊருக்குள் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று குப்பத்து ஜனங்கள் தங்கியிருந்தார்கள். நாலு பேர் நாலு நோட்டில் கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். நாலும் நாலு விதம். சென்னையிலிருந்து வந்த நிவாரண அமைப்பு ஒரே பட்டியல் கேட்டது. ஜான்சி சென்டருக்கு லீவு சொல்லிவிட்டு, ஆறு நாள் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினாள். எழுதியதைச் சாயங்காலம் சிதம்பரம் கொண்டுபோய் அடித்தாள். 412 குடும்பம், 1,683 ஆள். இரண்டு முறை கூட்டினாள். சரியாக வந்தது.

வரிசை எண் 207, சவரியம்மாள். வயது 29. மகள் எழிலரசி, வயது 8. அவர்கள் அந்தக் குப்பத்துக்காரர்கள் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து, இறால் பண்ணையில் கூலி வேலைக்குச் சேர்ந்து, அங்கன்வாடி பட்டம்மாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள்.

"புருஷன் பேரு என்னக்கா?" என்று ஜான்சி கேட்டாள்.

"அது வேணாம்மா."

"இறந்துட்டாருங்களா?"

"இல்ல."

"அப்ப பேரும் ஊரும் சொல்லுங்க. காலியா வுட்டா ஆபீசுல திருப்பி அனுப்பிடுவாங்க. அரிசி, வீடு எல்லாம் இந்தத் தாள வெச்சித் தான்."

சவரியம்மாள் மகளைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி அனுப்பினாள். அவள் மறைகிற வரைக்கும் பார்த்திருந்தாள். பிறகு, "சூசைராசு. கம்மாபுரம் பக்கம். லாரி ஓட்டுறான்" என்றாள். பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எழுதித் தான் ஆவணுமா?" என்று கேட்டாள்.

"ஆவணும்க்கா" என்றாள் ஜான்சி.

பட்டியலைச் சுவரில் ஒட்டுவது அந்த நாட்களில் நேர்மைக்கு அடையாளமாக இருந்தது. யார் பெயர் விட்டுப்போயிற்று, யார் இரண்டு தரம் ஏறியிருக்கிறார்கள் என்று ஊரே படித்துச் சொல்லும். ஜனவரி 19-ஆம் தேதி, புதன்கிழமை, ஜான்சி தானே மைதா மாவில் பசை காய்ச்சி, பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் இருபத்து மூன்று தாளையும் ஒட்டினாள். தாளுக்குப் பதினெட்டு வரி. கடைசித் தாளில் மட்டும் பதினாறு. ஒரு கட்டம் கூடக் காலி இல்லை. சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்தச் சுவருக்கு எதிரில் தான் நிவாரண லாரிகள் நின்று மூட்டை இறக்கின. மூட்டை இறங்குகிற வரைக்கும் டிரைவர்களுக்கு வேலை இல்லை. சுவரைப் படித்தார்கள்.

ஜனவரி 31, திங்கட்கிழமை, பகல் பதினோரு மணிக்குச் சூசைராசு வந்தான். பன்னிரண்டாவது தாளைச் சுவரிலிருந்து கிழித்து, நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தான். "எம் பொண்டாட்டி, எம் பொண்ணு. தோ, கவர்மென்ட்டே எழுதி ஒட்டியிருக்கு பாரு" என்று ஒவ்வொருவரிடமும் பிரித்துக் காட்டினான். அது அரசாங்கம் எழுதியது இல்லை, ஜான்சி அடித்தது. எழிலரசியின் கையைப் பிடித்து அவன் இழுத்தபோது, பட்டம்மாளும் தண்ணீர் வரிசையில் நின்ற பெண்களும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குறுக்கே விழுந்தார்கள். நாளைக்கு ஆளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் ஆளோடு வந்தான். அதற்குள் தாயும் மகளும் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஜான்சி திருத்தச் சீட்டுகளோடு வந்து இறங்கினாள். பட்டம்மாள் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த நிவாரண அட்டையை நீட்டினாள். எண் 207.

"பஸ்ஸுல ஏறும்போது இத என் கையில திணிச்சா. இனிமே இது எதுக்குன்னா. உனக்கு ஒண்ணு சொல்லச் சொன்னா."

"என்னக்கா?"

"'அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, காலியா வுட்டிருக்கலாம்னு.' அவ்ளோ தான். திட்டலாம் இல்ல."

திட்டியிருந்தால் ஜான்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும். மீதி இருபத்திரண்டு தாளையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். சென்டருக்குப் போய்க் கூட்டுத்தொகையைத் திருத்தினாள்: 1,681. மே மாதம் வீடு கட்டிக் கொடுப்பதற்குப் பட்டியல் போட்டபோது 207-ஐ அடித்துவிட்டார்கள். அட்டை மட்டும் ஜான்சியின் கைப்பையில் தங்கிவிட்டது.

அதன் பிறகு அவளால் ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் படிக்கட்டு ஓரமாக நின்று, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்குகிற பெண்களைப் பார்ப்பாள். கம்ப்யூட்டருக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே பாடம் சொன்னாள். விருத்தாசலம், நெய்வேலி, பரங்கிப்பேட்டை என்று லீவு நாட்களில் ஏதாவது ஒரு ஊருக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புவாள். அவர்களை அவன் பிடித்துவிட்டானா, இருக்கிறார்களா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று தோன்றும். வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி சாப்பிடுவாள்.

"உக்காந்து தின்னுடி. நாற்காலில முள்ளா இருக்கு?" என்பாள் அம்மா. "மாப்ள வூட்டுக்காரங்க வந்தா, பொண்ணு நின்னுக்கிட்டே தான் தாலி கட்டிக்குமான்னு கேக்கப் போறாங்க."

2006 ஆகஸ்டில் சிதம்பரத்து பாலிடெக்னிக் ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. திருவதிகைக்காரன் ராஜவேல் பேசினான். வயது இருபத்தெட்டு, சென்னையில் கம்பெனி வேலை. வெவ்வேறு ஊர்களில் இருந்த பதினோரு பேர், சம்பளம் இல்லாமல், சனிக்கிழமைகளில் சேர்ந்து நிவாரணப் பதிவுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திரையில் ஒரு படிவத்தைக் காட்டி, "ஒரு கட்டத்தக் கூட வுட்டுட்டுப் போக முடியாது பாருங்க, செவப்பு காட்டும்" என்றான். கைதட்டினார்கள்.

பின்னால் நின்றுகொண்டிருந்த ஜான்சி கேட்டாள். "இதுல காலியா வுட வழி இருக்கா?"

"எந்தக் கட்டத்த?"

"எல்லாத்தையும்."

ஹாலில் சிரித்தார்கள். ராஜவேல் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வாசலில் அவளைப் பிடித்து, "ஏன் அப்பிடிக் கேட்டீங்க?" என்றான். அவள் 207-ஆம் எண் அட்டையை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவன் அங்கேயே படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். கணவர் பெயர் என்ற கட்டத்தைச் சொல்லும் வரியில் கட்டாயம் என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. அதை அவளையே அழிக்கச் சொன்னான். அழித்தாள். பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை 5.10. அந்த வேலையில் ஜான்சி செய்த முதல் திருத்தம் அது.

அடுத்த சனிக்கிழமையே அவளும் சேர்ந்துவிட்டாள். புரோகிராம் எழுதும் பாஷையைச் சென்டரில் கிடந்த பழைய புத்தகங்களை வைத்துத் தானே படித்தாள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கியவள், ஒரு வருஷத்துக்குள் கடல் தாண்டி இருந்தவர்களோடு இமெயிலில் சண்டை போட ஆரம்பித்தாள். பெயர் சொல்லாதவரை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று ஒருவர் கேட்டார். ஒருத்தருக்கு இரண்டு தரம் அரிசி போனால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அவள் பதில் எழுதினாள்: இரண்டு தரம் போன அரிசியைத் திரும்ப வாங்க வழி உண்டு.

சண்டையும் சமாதானமுமாக ஒரு முறை உருவாயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண் போட்ட சீட்டு. பெயரைச் சொல்ல விருப்பமில்லாதவர் பூட்டச் சொல்லலாம். பூட்டினால் நிவாரணம் கொடுப்பவருக்கு எண்ணும், வயதும், தொழிலும், எத்தனை பேர் என்பதும், எந்தக் கட்டம் காலி என்பதும் தான் தெரியும். பூட்டைத் திறக்கச் சாவி மூன்று. அந்தச் சாவி என்பது ஐந்து சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம்; ஆளுக்கு ஒன்றாக மூன்று பேரின் மனதில் மட்டும் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து அடித்தால் தான் திறக்கும். திறந்தால் காரணம் எழுத வேண்டும்; அது குழுவில் எல்லாருக்கும் போகும்; அழிக்க முடியாது. திறக்கக் கூடிய காரணங்கள் இரண்டே: ஒன்று ஆபத்தான வியாதி, மற்றொன்று காணாமல் போன குழந்தை. இந்த விதியை எழுதியது ஜான்சி.

அவர்கள் வட்டாரத்துக்குச் சாவிக்காரர் மூவர்: ஜான்சி, ராஜவேல், பட்டம்மாள். பட்டம்மாளைச் சேர்க்க வேண்டும் என்று ஜான்சி ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஏந்தம்பி, யாரு வேணா தெறந்து பாக்கலாங்கிற. அப்புறம் பூட்டுங்கிற. இன்னா கணக்கு இது?" என்று பட்டம்மாள் ராஜவேலைக் கேட்டாள்.

"பூட்டு எப்பிடிச் செஞ்சதுன்னு ஊருக்கே தெரியலாங்க்கா. நாலு பேரு பாத்தா தான் எங்க ஓட்டைன்னு சொல்லுவாங்க. சாவி தான் தெரியக் கூடாது."

"அப்ப சுருக்குப்பைன்னு சொல்லு. எப்பிடித் தைக்கிறதுன்னு எல்லாருக்கும் தெரியும். எம் மடியில கை வுட முடியுமா?"

அன்று முதல் அந்த சாஃப்ட்வேருக்குச் சுருக்குப்பை என்றே பெயராயிற்று. வெளிநாட்டுக்காரர்களும் அதைத் தட்டுத் தடுமாறிச் சொல்லப் பழகினார்கள்.

2008 நவம்பர் வெள்ளத்தில் முதல் சோதனை. முகாமில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்தாம் நாள் ஜான்சி அங்கன்வாடிக்குப் போனாள். இருபத்தோரு குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தை ராகம் போட்டுச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்து சொல். கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"பட்டம்மாக்கா! இது என்னா?"

"மறந்துட்டா? அதான் எழுதிப் போட்டேன். புள்ளைங்களுக்கும் எழுத்துப் பழகுனாப்ல ஆச்சி" என்றாள் பட்டம்மாள்.

ஜான்சி ஓடிப்போய்ப் பலகையை அழித்தாள். குழந்தைகள் நிறுத்தவில்லை. அன்றைக்கே சாவியை மாற்றினார்கள். அந்தப் பழைய வாக்கியம் மட்டும் அந்தக் குப்பத்தில் வெகுகாலம் பாட்டாக ஓடியது. இதைக் கேட்டு ராஜவேல் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தான். ஜான்சிக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. இன்னொரு சுவர், இன்னொரு தடவை என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. புதிய வாக்கியத்தை ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, "எஞ் சாமிக்கே தெரியாது போடீ" என்று பட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் தான் ஜான்சிக்கு மூச்சு வந்தது.

2010-இல் அவள் ஒன்று புதிதாகச் சேர்த்தாள். பூட்டிய சீட்டின் எண்ணுக்கு ஒரு செய்தி எழுதிப் போடலாம். சீட்டுக்காரர் அரிசி வாங்க வரும்போது அது தாளில் அச்சாகி, மடித்தபடி அவர் கையில் போகும்.

"யாருக்குத் தேவைப்படும் இது?" என்றான் ராஜவேல்.

அவள் கைப்பையிலிருந்து 207-ஆம் அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடிகாலை, 'தானே' புயல் கரையேறியது. ஜான்சியின் வீட்டுக் கூரையில் பாதி ஓடு பறந்துவிட்டது. கடலூரில் மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ராஜவேல் சென்னையிலிருந்து புறப்பட்டு, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டித் திருவதிகை போய்ச் சேர ஒரு பகல் ஆயிற்று. அவன் வீட்டுப் பலாத் தோப்பில் நாற்பத்து மூன்று மரத்தில் நின்றது ஐந்து. இரண்டு நாள் அப்பாவோடு மரம் வெட்டி ஒதுக்கிவிட்டு, கையெல்லாம் கீறலோடு கடலூர் வந்தான். பழைய டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் நிவாரண அமைப்புகள் சேர்ந்து பதிவு வைத்தன. லாரி பேட்டரியில் ஓடிய மூன்று லேப்டாப்பில் சுருக்குப்பை வேலை செய்தது. பட்டம்மாள் கிள்ளையிலிருந்து பஸ் ஓட ஆரம்பித்த அன்றே வந்துவிட்டாள்.

ஜனவரி 9, திங்கட்கிழமையோடு பதிவு முடிந்தது. 2,906 சீட்டு. அதில் முப்பத்தெட்டுப் பேர் பெயரைப் பூட்டச் சொல்லியிருந்தார்கள்.

மதியம் ஜான்சி அந்த முப்பத்தெட்டையும் சரிபார்த்தாள். எண் 1,174-க்கு வந்தவள் நின்றுவிட்டாள். பெண், வயது 36. மகள், வயது 15. மீன் கம்பெனி வேலை. கணவர் பெயர் கட்டம்: காலி. பதிந்தவன் ஒரு கல்லூரி மாணவன்; அன்று நூற்று முப்பது பேரைப் பதிந்தவன். அவனுக்கு முகம் எதுவும் நினைவில்லை.

இருபத்தொன்பதோடு ஏழு. எட்டோடு ஏழு. அவள் மனதுக்குள் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். எழுந்து ஹாலின் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். பேட்டரிகளுக்குப் பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ராஜவேல் முன்னால் போய் நின்றாள்.

"உன் சாவியப் போடணும்."

"எதுக்கு?"

"1,174."

அவன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். வயதைப் பார்த்தான். அவனுக்கும் கணக்குத் தெரியும். "வியாதியா? கொழந்தயக் காணுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்ல."

"அப்ப காரணம்னு என்னா எழுதுவ? நீ எழுதுன ரூலு ஜான்சி."

"தெரியல. நீ போடு மொதல்ல."

ராஜவேல் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அஞ்சு வருஷமா உன்னப் பாக்குறேன். நீ ஒரு நாளு உக்காந்து சாப்ட்டா தேவலன்னு இருக்கு" என்றவன் தன் ஐந்து சொல்லையும் அடித்தான். திரையில் இரண்டாவது சாவிக்கும் காரணத்துக்கும் இடம் திறந்தது. மூன்று நிமிஷம் அவகாசம். அதற்குள் அடிக்காவிட்டால் தானே மூடிக்கொள்ளும். திறந்ததாகக் கணக்கு ஏறாது.

அவள் தன் வாக்கியத்தை அடித்தாள். காரணம் என்ற கட்டத்தில், எனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினாள். அழித்தாள். வேறு எழுத வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதைக் கட்டாயம் ஆக்கியதும் அவள் தான்.

"தெறந்து பாத்து இன்னா பண்ணப் போற?" என்று பின்னாலிருந்து பட்டம்மாள் கேட்டாள்.

"மன்னிப்புக் கேக்கணும்க்கா."

"அவ கேக்கச் சொன்னாளா?"

ஜான்சி காரணக் கட்டத்தில் மறுபடியும் ஒரு சொல் அடித்து அழித்தாள்.

"எனக்குந் தான் ஆசை. பக்கத்து வூட்டுக்காரி, எந்தங்கச்சி மாதிரி. நாளைக்கி அரிசி கொடுக்கறப்ப நானே வாசல்ல நின்னா மூஞ்சி தெரிஞ்சிரும். நிக்க மாட்டேன். என்னப் பாத்தா அவ நெனப்பு எங்க போவும்? கண்டுபிடிச்சிட்டாங்கன்னு தான் போவும். அரிசியக் கூட வாங்காம ஓடுவா. மறுபடியும் ஓட வெக்கணுமா?"

திரை தானே மூடிக்கொண்டது. திறந்தவை: 0.

"செய்தி போடலாமில்ல?" என்றான் ராஜவேல். "அதுக்குத் தான செஞ்ச?"

"ஒரு சீட்டுக்கு மட்டும் போட்டா அதுவும் கண்டுபிடிச்ச மாதிரி தான்" என்றாள் ஜான்சி. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "முப்பத்தெட்டுக்கும் போடலாம். ஒரே செய்தி."

சாயங்காலம் வரைக்கும் அந்தச் செய்தியை எழுதி எழுதி அடித்தாள். நீளமாக எழுதியதை ராஜவேல் குறைத்தான். பட்டம்மாள் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பயம் காட்டுகிற சொல் இரண்டை எடுக்கச் சொன்னாள். மிஞ்சியது இவ்வளவு:

"உங்கள் பெயரைப் பூட்டி வைத்திருக்கிறோம். இதுவரை யாரும் திறக்கவில்லை. 2005-இல் நான் ஒரு பட்டியலில் காலியாக விட வேண்டிய கட்டத்தை நிரப்பி, சுவரில் ஒட்டிவிட்டேன். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அது என் தப்பு. அதனால் தான் இப்போது இப்படிச் செய்கிறோம். இந்தத் தாள் பெயர் பூட்டிய எல்லாருக்கும் வருகிறது. பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஜான்சி."

கீழே சிதம்பரம் சென்டரின் விலாசம்.

மறுநாள் அரிசி கொடுக்கும்போது ஜான்சி மேஜைக்குப் போகவில்லை. பட்டம்மாளும் அவளும் பின்கட்டில் தார்ப்பாய் எண்ணினார்கள். ஹாலில் எண்களைக் கூப்பிடுவது அங்கேயும் கேட்டது. ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று என்ற குரல் வந்ததும் ஜான்சி எண்ணிக்கொண்டிருந்த தார்ப்பாயைக் கீழே வைத்தாள். பட்டம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரத்து நூற்று எழுபத்து நாலு. யாரோ வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து.

"வுடுங்கக்கா, கை வலிக்குது" என்றாள் ஜான்சி.

"எண்ணு. எத்தினில வுட்ட?"

"தெரியல. மொதல்லேர்ந்து எண்ணணும்."

அவள் எண்ணிக்கையைத் தவறவிட்டது அன்று ஒரு நாள் தான் என்று பட்டம்மாள் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள்.

கடிதங்கள் வந்தன. பிப்ரவரி 2-ஆம் தேதி ஒன்று: இரண்டாவது தார்ப்பாய் கிடைக்குமா என்று கேட்டு. பிப்ரவரி 20-ஆம் தேதி ஒன்று: கம்ப்யூட்டர் சென்டரில் தங்கைக்கு இடம் உண்டா, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டு. மார்ச் 5-ஆம் தேதி வந்த உறையில் தாளே இல்லை. ஒட்டும்போது மறந்திருக்க வேண்டும். அந்த வெற்று உறையை ஜான்சி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தபால்காரர் மாடிப்படியில் ஏறும் சத்தம் கேட்டால் மாணவர்கள் தாங்களே டைப்படிப்பதை நிறுத்திவிடும் அளவுக்கு அவள் நடை அதிகமாகிவிட்டது. தார்ப்பாய் கேட்டவளுக்குப் பதில் எழுதினாள், அனுப்பியும் வைத்தாள். தங்கைக்காரிக்கு ஃபீஸ் விவரம் எழுதினாள்.

நாலாவது கடிதம் ஒரு பகலில் வந்தது. அனுப்புநர் இல்லை. உறையின் மேல் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. ஊர்ப் பெயர் படிக்கிற மாதிரி. ஜான்சி கட்டை விரலால் அதை மூடிக்கொண்டு, மறு கையால் மேஜையிலிருந்து பசைத் தாள் ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டினாள். பிறகு தான் பிரித்தாள். ரூல் போட்ட நோட்டுத் தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குண்டு எழுத்து. சொன்னது வேறொருவர் என்று தெரிந்தது.

"கிள்ளை 207. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதப் போகுது. பட்டம்மாக்கா கிட்டச் சொல்லவும். தேட வேணாம்."

207 என்ற எண்ணை அவள் அந்தச் செய்தியில் எழுதியிருக்கவில்லை. கிள்ளை என்றும் எழுதவில்லை. 1,174 இவர்கள் தானா, இல்லை வேறு ஏதாவது சீட்டா என்பது அவளுக்குக் கடைசி வரை தெரியாது. முப்பத்தெட்டும் பூட்டியபடியே இருந்தன.

தபால் முத்திரை இருந்த மூலையைக் கத்தரியால் வெட்டி, படிக்க முடியாத அளவுக்குத் துண்டு துண்டாக்கிக் குப்பையில் போட்டாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து 2005-ஆம் வருஷத்துப் பட்டியலை எடுத்தாள். இருபத்திரண்டு தாள், அவற்றின் மேல் ஓரத்தில் காய்ந்த பசை. கைப்பையில் இருந்த 207-ஆம் அட்டையை, பன்னிரண்டாவது தாள் இருக்க வேண்டிய இடத்தில் செருகினாள். கடைசித் தாளில் கூட்டுத்தொகை 1,681 என்று இருந்ததை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 1,683 என்று எழுதினாள். பட்டம்மாளுக்கு போன் செய்தாள். பட்டம்மாள் அழுதுகொண்டே, "அந்தப் பொண்ணு எழுத்து எப்பிடி இருக்கு, எப்பிடி இருக்கு?" என்று இரண்டு தரம் கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் தன் அங்கன்வாடிக்கு வந்து உட்கார்ந்திருந்த பிள்ளை அது.

மணி இரண்டு ஆகியிருந்தது. ஜான்சி டிபன் பாக்ஸைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, எல்லாத் திருத்தத்துக்கும் பக்கத்தில் தேதி போடுகிற வழக்கப்படி, அந்த 1,683-க்குப் பக்கத்தில் கடிதம் வந்த தேதியை எழுதினாள்: 23.3.2012, வெள்ளிக்கிழமை.